அத்தியாயத்தின் நடுவில் மூடி வையுங்கள்

கேள்வி: பிள்ளைகள் தூங்கியதும் சைக்கலாஜிக்கல் த்ரில்லர் நாவல் ஒன்றைக் கையில் எடுத்தால் ராத்திரி இரண்டு மணி ஆகிவிடுகிறது. ‘இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்’ என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். “கொலையும் சந்தேகமுமா இதையே படிக்கிறியே, மனசு கெட்டுப்போகாதா?” என்கிறார் கணவர். இதில் அப்படி என்னதான் இழுக்கிறது? கடைசியாகப் படித்த நாலைந்தில் முடிவும் முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் விட முடியவில்லை.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு மணி ஆவதில் உங்கள் தப்பு பாதிதான். மீதித் தப்பு, அத்தியாயத்தை வெட்டியிருக்கும் இடத்தில் இருக்கிறது. இந்த வகை நாவல்களில் பெரும்பாலும் அத்தியாயங்கள் சின்னவை. மனைவி சொல்வதாக ஒன்று, கணவன் சொல்வதாக அடுத்தது என்று மாறி மாறி வரும். மனைவி பூட்டியிருந்த அலமாரியைத் திறக்கிறாள், அத்தியாயம் முடிகிறது. உள்ளே என்ன என்று தெரிய கணவனின் ஆறு பக்கத்தைத் தாண்டியாக வேண்டும். அதன் கடைசி வரியில் அவனுக்கு ஒரு போன் வரும். ஒரு கடனை அடைப்பதற்குள் இன்னொரு கடன். பத்திரிகைத் தொடர்கதையில் ‘தொடரும்’ என்று போட்டால் அடுத்த வாரம் வரை காத்திருக்கத்தான் வேண்டும். முழுப் புத்தகத்தில் அந்தத் தடுப்பு இல்லை.

அதனால் அத்தியாய முடிவில் நிறுத்தப் பார்க்காதீர்கள். அங்கே நிறுத்த முடியாதபடிதான் எழுதியிருப்பார்கள். அடுத்ததில் இரண்டு பக்கம் உள்ளே போனால் சூடு தணியும். யாராவது காபி கலந்துகொண்டோ பழைய கதை பேசிக்கொண்டோ இருப்பார்கள். அங்கே மூடிவிடுங்கள். 320 பக்க நாவல் என்றால் 240-ஆம் பக்கத்தில் ஒரு சீட்டு வையுங்கள். அதற்குமேல் ராத்திரியில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கால் பாகத்தில் நிறுத்த இடமே கிடைக்காது.

இழுப்பது கொலை என்று உங்கள் கணவர் நினைக்கிறார். கொலைதான் வேண்டுமென்றால் தினசரிப் பேப்பரே போதுமே! இங்கே உங்களை உட்கார வைப்பது, கதையைச் சொல்கிற ஆளை நம்பலாமா என்கிற நமைச்சல். 1926-இல் வந்த ஓர் ஆங்கில நாவல். பேரைச் சொன்னால் படிக்காதவர்களுக்குக் கதை போய்விடும். அதில் கதைசொல்லி தன் நண்பரைப் பார்க்கப் போகிறார். எட்டு நாற்பதுக்கு ஒரு கடிதம் வருகிறது. தான் கிளம்பியபோது எட்டு ஐம்பது, கடிதம் இன்னும் படிக்கப்படவில்லை என்கிறார். கதவுப் பிடியில் கை வைத்தபடி, செய்ய வேண்டியது ஏதும் பாக்கி இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்ததாகவும் சொல்கிறார். ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. நடுவில் பத்து நிமிஷத்தைக் காணோம், அவ்வளவுதான். கொலை நடந்ததே அதற்குள்தான். நாம் அதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். நல்ல எழுத்தாளர் இப்படித்தான் ஏமாற்றுவார். கடைசியில் ‘எல்லாம் பிரமை’ என்று முடிப்பவர் ஏமாற்றவில்லை, கை விட்டுவிட்டார்.

இன்னொரு ஈர்ப்பு, பயம் வீட்டுக்குள்ளேயே இருப்பது. பாட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ் லைட்’ நாடகம் 1938-இல் மேடையேறியது. கணவன் சாயங்காலம் வெளியே போகிறான். கொஞ்ச நேரத்தில் மனைவியின் அறையில் கேஸ் விளக்கு மங்குகிறது. அவன் யாருக்கும் தெரியாமல் அதே வீட்டின் மேல்மாடிக்கு வந்து அங்கே விளக்கேற்றுகிறான், அதனால் கீழே அழுத்தம் குறைகிறது. மோட்டார் போட்டால் நம் வீட்டு பல்பு மங்குமே, அந்த மாதிரி. அவளோ தனக்குத்தான் புத்தி பேதலிக்கிறது என்று நடுங்குகிறாள். ஒருவரைத் தன் புத்தியையே சந்தேகப்பட வைப்பதற்கு இன்று எல்லோரும் சொல்கிற ‘கேஸ்லைட்டிங்’ என்ற பேர் இதிலிருந்து வந்ததுதான். இங்கே ஆபத்து ஜன்னல் ஏறிக் குதிப்பதில்லை, வீட்டுச் சாவியோடு வருகிறது. வீட்டில் யார் முகம் எப்படி மாறுகிறது என்று நாள் முழுக்கக் கவனிக்கிறவர்களுக்கு இது நன்றாகப் பிடிபடும்.

மனசு கெடுமா? மிளகாயை நாக்கு எரிய எரியச் சாப்பிடுகிறோம். எரிச்சல் உண்டு, காயம் இல்லை என்று உடம்புக்குத் தெரியும். சோகப் படம் பார்ப்பதும் ரோலர் கோஸ்டர் ஏறுவதும் இதே ரகம் என்கிறார் அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின். புத்தகத்தை மூடினால் பயம் நின்றுவிட வேண்டும், அதுதான் அளவுகோல். மூடிய பிறகும் நாள்கணக்கில் கதவைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறீர்கள், கணவரின் போனை நோண்டுகிறீர்கள் என்றால் கொஞ்ச நாள் இந்த வகையைத் தள்ளி வையுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் டாக்டரிடம் பேசுங்கள். நிஜ வாழ்க்கையில் பட்ட அடியை அப்படியே திருப்பிக் காட்டும் கதையை முடித்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. மனநோயாளி என்றால் கொலைகாரன் என்று காட்டும் நாவல்களை மருத்துவப் பாடமாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

முடிவு முன்னாலேயே தெரிந்துவிடுவதற்குக் காரணம் எளிது. ஒரே அச்சு நாவலில் முக்கியமான ஆட்கள் ஆறேழு பேர்தான். ரொம்பச் சந்தேகப்படும்படி இருப்பவரையும் செத்தவரையும் கழித்தால், உதவிக்கு ஓடி வரும் நல்ல மனிதர்தான் மிச்சம்! தொடர்ச்சியாக ஐந்து படித்தால் இந்தக் கணக்கு யாருக்கும் வந்துவிடும். மாற்றுக்கு, கொலைகாரன் யார் என்று மறைக்காத கதைகளைப் படியுங்கள். பாட்ரிசியா ஹைஸ்மித்தின் 1955-ஆம் வருஷத்து நாவலான ‘தி டாலண்டட் மிஸ்டர் ரிப்ளி’யில் செய்தவன் நம் கண் முன்னாலேயே நடமாடுகிறான். அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாமே பதறுகிறோம். அந்தக் கூச்சத்தை எந்தத் திருப்பமும் தராது.

முடிவு தெரிந்த நாவலையும் தூக்கிப் போட வேண்டாம். முடித்த கையோடு முதல் முப்பது பக்கத்தைப் பென்சிலோடு திரும்பப் படியுங்கள். மணி, கிழமை வரும் இடங்களையும் ‘சரியாக நினைவில்லை’ என்று வரும் இடங்களையும் கோடிடுங்கள். நீங்கள் எந்த வரியில் ஏமாந்தீர்கள் என்பது அங்கே தெரியும்.

தமிழில் எழுதியவற்றைப் படிக்கும்போது வினைமுற்றைப் பாருங்கள். ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று எழுதினாலே ஆணா பெண்ணா என்பது வெளிப்பட்டுவிடும். மறைக்க வேண்டியவர்கள் ‘அந்த உருவம் நகர்ந்தது’ என்று சமாளிப்பார்கள், அல்லது ‘நான் வந்தேன்’ என்பதற்குள் ஒளிந்துகொள்வார்கள். பெயரே இல்லாத ஒரு ‘நான்’ அத்தியாயம் நடுவில் வந்தால் அது ஆண் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.