வேறு கேலக்ஸியில் வெடித்த நட்சத்திரத்தைப் படம் பிடிக்கலாமா? கேள்வி பதில்

கே: 6 அங்குல நியூட்டோனியன் டெலஸ்கோப்பும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும்தான் இருக்கிறது. சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரம், இதில் விழுமா?

ப: தாராளமாக. 2023 மே மாதம் எம்101 கேலக்ஸியில் தெரிந்த எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்ற சூப்பர்நோவா, சுமார் 2 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருந்துகொண்டே 11 மேக்னிடியூட் (பிரகாச அளவு, எண் கூடக்கூட மங்கல்) வரை வந்தது. அதைக் கண்டுபிடித்த கொய்ச்சி இதகாகியும் அமெச்சூர்தான். அவ்வளவு பிரகாசம் அபூர்வம், 14, 15 என்றுதான் பெரும்பாலும் கிடைக்கும். டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட் வானத்தின் நகர்வை ஒழுங்காகத் தொடர்ந்தால் அதுவும் விழும்.

கே: நகர வெளிச்சத்தில்?

ப: கேலக்ஸியின் சுருள் கைகள் காணாமல் போகும், சூப்பர்நோவா போகாது, ஏனென்றால் அதன் ஒளி முழுக்க ஒரே புள்ளியில் குவிகிறது. குறுகிய சில நிறங்களை மட்டும் விடும் நேரோபேண்ட் ஃபில்டர் மட்டும் மாட்டாதீர்கள், வருகிற கொஞ்ச ஒளியையும் நாமே தடுத்த மாதிரி ஆகிவிடும்.

கே: எக்ஸ்போஷர் எவ்வளவு?

ப: 30 முதல் 60 விநாடி, நிறைய எடுத்து ஸ்டாக் செய்யுங்கள், அதாவது மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருங்கள். மையத்தை ஒட்டி வெடித்திருந்தால் இன்னும் குறைக்கலாம், இல்லாவிட்டால் மையம் வெளுத்துப்போய் புள்ளியை விழுங்கிவிடும்.

கே: என் படத்தில் புதுப் புள்ளி ஒன்று இருக்கிறது. சூப்பர்நோவாதானா?

ப: அவசரப்படாதீர்கள். முதலில் அதே கேலக்ஸியின் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அங்கே மங்கலான நட்சத்திரம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தனித்தனி ஃப்ரேம்களைத் திறந்து பாருங்கள்: டெலஸ்கோப்பைச் சற்று நகர்த்தி எடுத்த ஃப்ரேமில் கேலக்ஸி இடம் மாறியும் புள்ளி சென்சாரில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அது ஹாட் பிக்சல் (சென்சாரின் குறை), ஒரே ஒரு ஃப்ரேமில் மட்டும் வந்தால் பெரும்பாலும் காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வரும் துகள் சென்சாரில் பட்ட தடம்). ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள், நகர்ந்திருந்தால் சிறுகோள். இத்தனையும் தாண்டினால் வானில் அதன் ஆள்கூறுகளை எடுத்துக்கொண்டு, புதிதாகத் தெரியும் வான்பொருள்களைப் பதிவு செய்யும் டிரான்சியன்ட் நேம் சர்வர் தளத்தில் தேடுங்கள். அநேகமாக யாரோ முந்தியிருப்பார்கள். சூப்பர்நோவா என்று உறுதிசெய்ய நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) வேண்டும், அது வேறு வேலை.

கே: ரோபோ டெலஸ்கோப்புகள் வந்தபிறகு நமக்கு என்ன மிச்சம்?

ப: முதலில் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். ஆனால் 2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் அமெச்சூர் விக்டர் புசோ புது கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 கேலக்ஸியை அடுத்தடுத்து எடுத்துக்கொண்டிருந்தபோது, வெடிப்பின் அதிர்வலை நட்சத்திரத்தைக் கிழித்து வெளிவரும் அந்த முதல் வெளிச்சமே அவர் படங்களில் விழுந்தது. அதிர்ஷ்டம்தான், சரி. அது இல்லாதவர்கள் ஒரே சூப்பர்நோவாவை வாரக்கணக்கில் எடுத்து, ஒளி ஏறி இறங்குவதை அளந்து, மாறும் நட்சத்திரங்களின் அளவீடுகளைத் திரட்டும் ஏஏவிஎஸ்ஓ அமைப்புக்கு அனுப்பலாம். அதற்கு கேமராவின் மாற்றப்படாத ரா ஃபைல் வேண்டும், ஜேபெக் உதவாது.