வாசகர் கேள்வி பதில்: பீப்பாவைப் பிளந்து வெயிலைப் பிடிக்கலாமோ?

கேள்வி (மாங்குளத்தில இருந்து ஒரு வாசகர்): நாங்கள் வீட்டில நெல்லு அவிச்சுக் குத்துற ஆக்கள், விறகு தேடுறது இப்ப பெரிய பாடு. 200 லீற்றர் பீப்பாவை நெடுக்காப் பிளந்து உள்ளுக்கு மினுங்கிற எவர்சில்வர் தகடு ஒட்டி, நடுவில கறுப்பு பெயின்ற் அடிச்ச இரும்புக் குழாய் போட்டன். நல்ல உச்சி வெயிலிலயும் தண்ணி 60 பாகையைத் தாண்டேல்ல, நீராவி வரும் எண்டு நம்பியெல்லோ இறங்கினனான். எங்க பிழை?

பதில்: உங்கட உழைப்பில பிழை இல்லை, பீப்பாவின்ர வடிவத்திலதான் பிழை. பீப்பா வட்டம், உங்களுக்குத் தேவை பரவளைவு, அதாவது நேரா விழுற வெயில் முழுக்க ஒரே இடத்தில சேருற வளைவு. ரெண்டும் பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும், ஆனா வட்டத்தில அடிப்பக்கம் விழுற வெயில் மட்டும்தான் ஆரையின்ர பாதித் தூரத்தில ஒண்டு சேரும், மேல விளிம்புக்குப் போகப் போக ஒளி சேருற இடம் கீழ கீழ இறங்கி, அடியின்ர நடுவில இருந்து 60 பாகைக் கோணம் தள்ளி விழுற ஒளி பீப்பாவின்ர அடியிலயே போய்க் குத்தும். குழாயை எங்க வச்சாலும் கொஞ்ச வெயில்தான் பிடிபடும்.

நம்பாட்டி ஒரு சின்ன வேலை செய்து பாருங்கோ. குழாயைக் கழட்டிப்போட்டு அந்த இடத்தில ஒரு வெள்ளை மட்டையைப் பிடியுங்கோ (கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கண் கவனம்). மட்டையில விழுற வெளிச்சக் கோடு குழாயை விட அகலமா, ரெண்டு பக்கமும் மங்கலாப் பரவி இருந்தா, அந்தப் பரவினது எல்லாம் குழாயில படாமப் போற சூடு.

சரியான வளைவு வெட்டுறது கஷ்டமே இல்லை. ப்ளைவூட்டில நடுப் புள்ளி ஒண்டு வையுங்கோ, அதில இருந்து பக்கவாட்டா 10 சென்ரிமீற்றர் போனா 1 மேல, 20 போனா 4, 30 போனா 9, 40க்கு 16, 50க்கு 25. புள்ளிகளைச் சேர்த்து வெட்டினா, பீப்பாவுக்குப் பதிலா வைக்கிற ஒரு மீற்றர் அகல வெயில் தொட்டிக்கு, தகட்டைத் தாங்கிற விலா வந்திடும். இந்த அளவில ஒரு வசதி இருக்கு, குவியம் (வெயில் ஒண்டு சேருற இடம்) சரியா 25 சென்ரிமீற்றர் உயரத்தில, அதாவது விளிம்பு மட்டத்திலயே வரும், விளிம்புக்கு விளிம்பு நூல் கட்டினா அந்த நூலின்ர நடுவில குழாயின்ர நடு நிக்கவேணும். தகடு நெளியாம இருக்க விலாவைக் கிட்டக் கிட்ட அடியுங்கோ, ஏனெண்டா தகடு 1 பாகை சரிஞ்சா ஒளி 2 பாகை திரும்பும், விளிம்பில இருந்து வாற ஒளிக்கு அது கிட்டத்தட்ட ஒண்டே முக்கால் சென்ரிமீற்றர் விலகல். புழுதியையும் மறக்காதேங்கோ, எங்கட செம்மண் ஒழுங்கையில ஒரு உழவு மெசின் போனாலே தகடு மங்கிப்போகும், விடிய ஒருக்காக் கழுவத்தான் வேணும்.

அடுத்தது குழாய். சும்மா திறந்து கிடக்கிற குழாயில சோளகக் காத்து அடிக்கேக்க, வாற சூட்டைக் காத்தே அள்ளிக்கொண்டு போயிடும், குழாய் சூடாக ஆக அந்த இழப்பும் கூடும். பெரிய மின் நிலையங்களில குழாயைச் சுத்திக் கண்ணாடி போட்டு இடையில காத்தை உறிஞ்சி விடுறது இதுக்காகத்தான். நீங்கள் அந்த இரும்புக் குழாய்க்குப் பதிலா, சோலர் ஹீற்றர்களில வாற வெற்றிடக் கண்ணாடிக் குழாய் ஒண்டு வாங்கிப் போடலாம், வெளி அகலம் 58 மில்லிமீற்றர், நீளம் 1.8 மீற்றர், உள்ளுக்கு இருக்கிற கறுப்புக் குழாய் 47. வாய்ப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கோ, வாயை ஒருநாளும் இறுக்கி மூடாதேங்கோ. வெயிலில காய்ஞ்ச வெறுங்குழாய்க்குள்ள பச்சைத்தண்ணி விட்டா வெடிக்கும், அதால விடியவே தண்ணி நிரப்பிப்போட்டுத்தான் வெயிலுக்குத் திருப்பவேணும்.

இனி நான் மனசாரச் சொல்ல வாறது, நீராவியை விடுங்கோ. கணக்குப் பாருங்கோ, 2 சதுர மீற்றர் தொட்டியில சதுர மீற்றருக்கு 700 வாற்று நேர் வெயில் விழுந்து அதில பாதி தண்ணிக்குப் போகுது எண்டு வச்சா, கையில 700 வாற்று. கொதிச்ச ஒரே ஒரு லீற்றர் தண்ணியை ஆவியாக்கவே 54 நிமிசம் போயிடும். அதே வாற்றில 50 லீற்றர் தண்ணியை 30இல இருந்து 70 பாகைக்குக் கொண்டுவர 3 மணித்தியாலம் 20 நிமிசம் காணும். நெல்லுக்கு அந்த 70 பாகைத் தண்ணி தங்கம், பச்சைத்தண்ணியில ஒரு நாளுக்கு மேல ஊறவேண்டிய நெல்லு அதில மூண்டு நாலு மணித்தியாலத்தில ஊறிடும், புளிச்ச மணமும் வராது. மேல ஒரு பீப்பாவில தண்ணி வச்சு, மெல்லிய குழாயால கண்ணாடிக் குழாயின்ர அடிவரைக்கும் இறக்கி, நிமிசத்துக்குக் கால் லீற்றர் போற மாதிரிப் பைப்பைத் திறந்து விடுங்கோ, வாயால சுடுதண்ணி வழியும். கடைசி அவியலுக்கு மட்டும் உமியோ விறகோ போடுங்கோ.

கேள்வி (கிளிநொச்சியில இருந்து ஒரு மாணவி): இப்பிடி வெயிலைக் குவிக்கிற தொட்டியால மின்சாரம் எடுக்கிறாங்களாம், ஏன் எங்கட பக்கம் இல்லை?

பதில்: எடுக்கிறாங்கள் பிள்ளை. கலிபோர்னியாவில மொஹாவி பாலைவனத்தில 1984க்கும் 1990க்கும் இடையில கட்டின ஒன்பது நிலையங்கள் சேர்ந்து அந்தக் காலத்தில 354 மெகாவாற்று தந்ததுகள், குழாயில ஓடினது தண்ணி இல்லை, 390 பாகைக்குக் கிட்டச் சூடாகிற எண்ணெய். அதுக்கும் முதல் 1913இல பிராங்க் சூமன் எண்டவர் எகிப்தில இப்பிடித் தொட்டி வச்சு நைல் நதித் தண்ணியை வயலுக்கு இறைச்சுக் காட்டினவர், எனக்கு அந்தக் கதை இரணைமடு வாய்க்காலைப் பாக்கிற நேரமெல்லாம் ஞாபகம் வரும். ஆனா வெயிலைக் குவிக்கிற தொட்டிக்கு நேர் வெயில் வேணும், முகிலுக்குள்ளால பரவி வாற வெளிச்சத்தை அதால குவிக்க ஏலாது. எங்கட மாரியில கார்த்திகை மார்கழி முழுக்க மூடிக்கிடக்கும், சோலர் பனல் எண்டா அந்த மங்கல் வெளிச்சத்திலயும் கொஞ்சமாவது தரும். மின்சாரத்துக்குப் பனல், சூட்டுக்குத் தொட்டி, இதுதான் வன்னிக்குப் பொருந்தும்.

கேள்வி (ஒட்டுசுட்டான் வாசகர்): இந்தத் தொட்டியை நாள் முழுக்கப் பக்கத்தில நிண்டு வெயிலுக்குத் திருப்பவேணுமோ?

பதில்: எந்தத் திசையில வைக்கிறியள் எண்டதைப் பொறுத்தது. தெற்கு வடக்கா நீட்டினா சூரியன் மணித்தியாலத்துக்கு 15 பாகை ஓடும், பத்து நிமிசத்துக்கு ஒருக்காத் திருப்பவேணும். கிழக்கு மேற்கா நீட்டுங்கோ. பங்குனியிலயும் புரட்டாதியிலயும் காலமை ஒன்பதில இருந்து பின்னேரம் மூண்டு மட்டும் தொடவே தேவையில்லை, மார்கழியில ஆனியில ரெண்டு மூண்டு தரம் தட்டி விட்டாப் போதும். விடியவும் பின்னேரமும் கொஞ்சம் வெயில் நட்டம்தான், ஆனா தோட்ட வேலையை விட்டுட்டுக் காவல் நிக்கத் தேவையில்லையே. பின்னேரம் தொட்டியைக் குப்புறக் கவிட்டு விடுங்கோ, பனி தூசியோட ஒட்டாது, ஓடித்திரியிற பிள்ளையளின்ர கையும் சுடாது.