வெள்ளிக்கிழமைக் கப்பல் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். கல்லூரி விடுதியில் நண்பன் பென் டிரைவில் கொடுத்துத்தான் 'ஃபயர்ஃப்ளை' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரை முதலில் பார்த்தேன். போன மாதம் என் மனைவியோடு உட்கார்ந்து மறுபடியும் முழுசாகப் பார்த்தேன். பதினான்காவது எபிசோடு முடிந்ததும் அவள் "அடுத்த சீசனைப் போடுங்க" என்றாள். இவ்வளவுதான், அப்புறம் ஒரு சினிமா மட்டும் உண்டு என்றதும் நம்பவே இல்லை.

ஃபாக்ஸ் சேனல் எபிசோடுகளை முன்னே பின்னே மாற்றிப் போட்டதால்தான் தொடர் நின்றது, சரியான வரிசையில் போட்டிருந்தால் ஏழு சீசனாவது ஓடியிருக்கும் என்பது என் கட்சி. அலுவலக நண்பர் ஒருவரோ, பாதியில் நின்றதால்தான் அதற்கு இவ்வளவு பேர், ஓடியிருந்தால் சப்பென்று ஆகியிருக்கும் என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கு அது டிவிடி பெட்டியாக வந்து சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த நண்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு வட்டுகள். நான்காவதும் முடிந்த பிறகு பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், ஐந்தாவது எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. ஆகவே உங்கள் மனைவியின் ஏமாற்றம் எனக்கு நன்றாகவே தெரியும்.

கேட்டதற்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சீசன் வந்திருக்கலாம், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் மூன்றாவதும். ஏழு வந்திருக்காது. வரிசையை மாற்றியது முட்டாள்தனம்தான், ஆனால் தொடர் நின்றதற்கு அது முதல் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய காலம். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்துச் சிப்பாய் ஒருவன் ஒரு பழைய சரக்குக் கப்பலை வாங்கி, விண்வெளியில் கடத்தலும் கூலிவேலையுமாகப் பிழைக்கிறான். கப்பலில் ஒன்பது பேர். அரசாங்கம் தேடும் ஒரு பெண்ணும் அவளைத் தப்பவைத்துக் கூட்டிவந்த அண்ணனும் அதில் அடக்கம். ஜாஸ் வீடன் உருவாக்கியது. 2002 செப்டம்பர் 20இல் தொடங்கி டிசம்பர் 20இல் முடிந்தது. எடுத்தது 14, அந்த மூன்று மாதத்தில் ஒளிபரப்பானது 11.

இனி வரிசைக்கு வருகிறேன். வீடன் முதலில் எடுத்தது இரண்டு மணிநேர 'செரினிட்டி' எபிசோடு. சேனல்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. நாயகன் இப்படி உம்மென்று இருந்தால் யார் பார்ப்பார்கள், அடிதடி எங்கே என்றார்கள். வேறு ஒரு தொடக்கம் வேண்டும் என்றார்கள். வீடனும் தொடரின் இன்னொரு தயாரிப்பாளரான டிம் மினியரும் ஒரு சனி ஞாயிறில் உட்கார்ந்து 'தி டிரெயின் ஜாப்' எபிசோடை எழுதினார்கள். அதுதான் முதலில் வந்தது. 'செரினிட்டி' கடைசி வாரத்துக்குப் போனது.

இதில் என்ன போயிற்று என்பதற்கு ஒரு காட்சி போதும். 'செரினிட்டி'யில் கப்பலில் ஏற வரும் பாதிரியாரிடம் டிக்கெட்டுக்குப் போதுமான பணம் இல்லை. ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டுகிறார், உள்ளே ஸ்ட்ராபெர்ரி. கப்பலின் மெக்கானிக் பெண் கேய்லீ பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போதே முகம் மாறிவிடுகிறது. பிறகு ஒரே ஒரு பழத்தை எடுத்து, கண்ணை மூடி, அவசரமே இல்லாமல் தின்கிறாள். அந்த உலகத்தில் சாதாரண ஜனங்கள் டப்பா உணவிலும் புரத மாவிலும் காலத்தை ஓட்டுகிறார்கள் என்பதை யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியதே இல்லை. கப்பலில் யார் ஏழை, யார் வீட்டில் வெள்ளித்தட்டு என்பதெல்லாம் அந்த எபிசோடு முடிவதற்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. கேப்டன் ஏன் அப்படி உம்மென்று இருக்கிறான் என்பது அதற்கும் முன்னால், முதல் காட்சியில் அவன் தோற்கும் போரிலேயே தெரிந்துவிடும்.

2002இல் அமெரிக்காவில் பார்த்தவர்களுக்கு இந்த ஸ்ட்ராபெர்ரி மூன்று மாதம் கழித்து, தொடர் ரத்தான செய்தி வந்த பிறகு கிடைத்தது. அதற்கு முந்தைய வாரம் வந்தது 'ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்'. தொடரின் உச்சங்களில் ஒன்று என்பேன். அதைப் பார்த்து விடைபெற்றவர்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை இவர்கள் எல்லாரும் முதன்முதலில் எப்படிச் சந்தித்தார்கள் என்று காட்டினார்கள். கருமாதி முடிந்த வீட்டில் பெண் பார்க்கும் படலம்.

ஆனாலும் ஒன்றை யோசியுங்கள். முதல் வாரமே டிவியைப் போடாதவனுக்கு வரிசை மாறியது எப்படித் தெரியும்? அந்தப் பதினொன்றில் பெரும்பாலானவை அந்தந்த வாரத்தோடு முடியும் கதைகள்தான். வரிசை கெட்டதால் வந்தவர்கள் குழம்பினார்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குப் பதில் கிழமையில் இருக்கிறது.

வெள்ளி இரவை அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் 'சாவு நேரம்' என்றே சொல்வார்கள். விளம்பரதாரர்கள் காசு கொடுப்பது 18 முதல் 49 வயதுக்காரர்களுக்காக. அந்த வயதுக்காரர்கள், அதிலும் இளவட்டங்கள், வெள்ளி இரவு வீட்டில் இருக்க மாட்டார்கள். முந்தைய ஆண்டு ஜேம்ஸ் கேமரூனின் 'டார்க் ஏஞ்சல்' தொடரை அதே சேனல் வெள்ளிக்கு நகர்த்தி, அது அந்த ஆண்டோடு நின்றுபோனது. காலியான இடத்தில்தான் ஃபயர்ஃப்ளை வந்து உட்கார்ந்தது. போதாக்குறைக்கு அக்டோபரில் பேஸ்பால் ஆட்டங்கள் வேறு. நான்காவது வாரம் எபிசோடே கிடையாது.

'எக்ஸ் ஃபைல்ஸ்' 1993இல் அதே ஃபாக்ஸில், அதே வெள்ளி இரவில் தொடங்கி வளரவில்லையா என்று கேட்பீர்கள். வளர்ந்தது. முதல் ஆண்டில் அதன் டிஆர்பியும் சுமார்தான். ஆனால் அன்றைய ஃபாக்ஸ் புது சேனல், கைவசம் பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் காத்திருந்தார்கள். 2002 ஜூனில் அவர்களுக்கு 'அமெரிக்கன் ஐடல்' கிடைத்துவிட்டது. ஒரு மேடை, ஒரு மைக், மூன்று நடுவர்கள், நாடே பார்க்கிறது. அதை ருசி பார்த்த முதலாளி மூன்றே மாதத்தில் இன்னொரு பக்கம் திரும்பி, ஒன்பது நடிகர்கள், வாராவாரம் புதுக் கிரகம், கணினி வரைகலை என்று செலவு இழுக்கும் தொடரைப் பார்க்கிறார். அந்தக் கப்பலின் செட்டே சாதாரணமானதல்ல. மேல்தளம் தனியாக, கீழ்தளம் தனியாக, ஒவ்வொன்றும் துண்டு துண்டாக இல்லாத முழு செட். கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வெட்டாமல் நடக்கலாம். நாம் அந்தக் கப்பலில் குடியிருந்த மாதிரி உணர்வது அதனால்தான். கணக்குப்பிள்ளைக்கு அது செலவுப் பட்டியலில் ஒரு வரி.

சராசரியாகப் பார்த்தவர்கள் 47 லட்சம் பேர். அந்த ஆண்டின் பட்டியலில் 98ஆவது இடம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பெரிய சேனலில் பிழைக்க முடியாது. ஆனால் இதே எண் ஒரு கேபிள் சேனலில் கொண்டாட்டம். ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து சைஃபை சேனலில் வந்த புதிய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' இதைவிடக் குறைவான ஆட்களை வைத்துக்கொண்டே நான்கு சீசன் ஓடியது. ஃபயர்ஃப்ளை பிறந்த வீடு தவறு, பிறந்த வருஷமும் கொஞ்சம் முந்திவிட்டது. அன்றைக்குப் பார்வையாளர் கணக்கு என்பது மீட்டர் பொருத்திய வீடுகளில் அந்த ராத்திரி என்ன ஓடியது என்பதுதான். நீங்கள் பென் டிரைவில் பார்த்தீர்கள், நான் வட்டில் பார்த்தேன். நாம் இருவரும் அந்தக் கணக்கில் பூஜ்ஜியம்.

டிவிடி 2003 டிசம்பரில் வந்து லட்சக்கணக்கில் விற்றது. இதே ஃபாக்ஸ் 2002இல் 'ஃபேமிலி கை' கார்ட்டூனையும் நிறுத்தியிருந்தது. டிவிடி விற்பனையையும் மறுஒளிபரப்புக்குச் சேர்ந்த கூட்டத்தையும் பார்த்து 2005இல் அதைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். அப்படியானால் இதை ஏன் கூட்டிவரவில்லை? கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பவர்களை மறுபடி மைக் முன்னால் நிறுத்தினால் போதும். இங்கே செட்டைப் பிரித்தாயிற்று, நடிகர்கள் வேறு வேலைக்குப் போயாயிற்று. 2005இல் யூனிவர்சல் அந்தச் சினிமாவை எடுத்தபோது கப்பலை மறுபடி முதலிலிருந்து கட்டினார்கள். படத்தின் செலவு 3.9 கோடி டாலர். உலகம் முழுக்க வசூல் ஏறக்குறைய 4 கோடி. அதில் தியேட்டர்காரர்களின் பங்கு போக மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ரசிகர்கள் என்று நாம் நினைத்த கூட்டத்தின் உண்மையான அளவு அன்று தெரிந்துவிட்டது. சத்தம்தான் பெரிது. இதைச் சொன்னால் என் மேல் கோபப்படுவீர்கள், பரவாயில்லை.

உங்கள் அலுவலக நண்பர் சொல்வதும் எனக்கு முழுக்கச் சம்மதமில்லை. ஆனால் அவர் கைக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஃபயர்ஃப்ளை தொடங்கிய செப்டம்பர் 20 ஒரு வெள்ளிக்கிழமை. சரியாக 34 ஆண்டுகளுக்கு முன், 1968 செப்டம்பர் 20, அதுவும் வெள்ளிக்கிழமை, என்பிசி சேனலில் 'ஸ்டார் டிரெக்' தொடரின் மூன்றாவது சீசன் தொடங்கியது. ரசிகர்கள் கடிதமாக எழுதிக் குவித்துக் காப்பாற்றிய சீசன் அது. ஜான், பிஜோ டிரிம்பிள் என்ற தம்பதிதான் அந்த இயக்கத்தை நடத்தினார்கள். சேனல் இறங்கிவந்து, தொடர் நிற்காது என்று ஒளிபரப்பிலேயே அறிவித்தது. பிறகு காட்டிய வேலைதான் விசேஷம். திங்கட்கிழமை என்று பேச்சாக இருந்ததை வெள்ளி இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள். செலவுக்காசை வெட்டினார்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அன்றாட வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். அந்த சீசனின் முதல் எபிசோடில் முக்கியப் பாத்திரமான ஸ்பாக்கின் மூளையை யாரோ திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். டாக்டர் மெக்காய் மூளையில்லாத ஸ்பாக்கை ரிமோட்டால் நடக்கவைத்துக் கூட்டிப்போகிறார். இதற்கா கடிதம் எழுதினோம் என்று எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்களோ.

ஆனால் அந்த மோசமான சீசனையும் சேர்த்தால்தான் 79 எபிசோடு தேறியது. உள்ளூர் நிலையங்கள் தினமும் போட்டு ஓட்டுவதற்கு அவ்வளவாவது வேண்டும். அப்படி எழுபதுகளில் மாலைதோறும் ஓடி ஓடித்தான் ஸ்டார் டிரெக் இன்று நாம் அறிந்த ஸ்டார் டிரெக் ஆனது. நல்ல நிலையில் நிறுத்தியிருந்தால் மறந்தே போயிருப்பார்கள். ஆகவே ஆயுதம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது, நண்பரிடம் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சொல்லப்போனால் காப்பாற்றப்பட்ட தொடருக்கு இன்னும் சமீபத்திய உதாரணம் 'தி எக்ஸ்பேன்ஸ்'. 2018 மேயில் சைஃபை சேனல் மூன்று சீசனோடு கைவிட்டது. அவர்களிடம் இருந்தது நேரடி ஒளிபரப்பு உரிமை மட்டும், ஸ்ட்ரீமிங் பணம் வேறு பைக்குப் போனது. ரசிகர்கள் காசு சேர்த்து, அமேசான் ஸ்டூடியோவுக்கு மேலே விமானத்தில் பதாகை பறக்கவிட்டார்கள். அந்த மாதமே ஜெஃப் பெசோஸ் ஒரு விண்வெளி மாநாட்டு மேடையில் தொடர் பிழைத்தது என்று அறிவித்தார், நடிகர்கள் கீழே பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் மூன்று சீசன் வந்தது. மூலநாவல்கள் ஒன்பதில் கடைசி மூன்று படமாகவே இல்லை. எனக்கு அதில் குறையில்லை. ஆறு சீசன் என்பது ஒரு முழு வாழ்க்கை.

ஃபயர்ஃப்ளையின் இரண்டாம் சீசன் எப்படி இருந்திருக்கும்? நாம் கற்பனை செய்வதுபோல எல்லாமே 'அவுட் ஆஃப் கேஸ்' போன்ற நல்ல எபிசோடின் தரத்தில் இருந்திருக்காது. இருக்கும் பதினான்கிலேயே இரண்டு மூன்று சுமார்தான், விசுவாசத்தில் நாம் சொல்வதில்லை. சீனாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவான உலகம் என்கிறார்கள், எல்லாரும் சீனத்தில் திட்டுகிறார்கள், கப்பலில் ஒரு சீன முகம்கூடக் கிடையாது. இதை இரண்டாம் ஆண்டில் யாராவது கேட்டிருப்பார்கள், வீடன் பதில் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குப் பார்க்கப் பிடித்திருக்கும். விண்வெளியில் திரியும் நரமாமிச வெறியர்களான ரீவர்கள் எப்படி உருவானார்கள் என்ற ரகசியம் மெல்ல மெல்லக் கசிந்திருக்கும். சினிமாவில் அதை இரண்டு மணிநேரத்துக்குள் திணிக்க வேண்டியிருந்தது. பாதிரியாரின் கடந்தகாலம் சொல்லப்படாமலே போயிற்று, கப்பலோட்டி வாஷுக்கு நிதானமாகச் சாகக்கூட நேரமில்லை. குறைவாக இருந்ததால்தான் அழகு என்பவர்கள் அந்தப் படத்தை மறுபடி ஒருமுறை பார்க்கலாம். அவசரம் எத்தனை பேரைக் கொன்றது என்று தெரியும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்களைப் போலப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் சரியான வரிசையில்தான் பார்த்திருக்கிறீர்கள். ஒருமுறை அன்று ஒளிபரப்பான வரிசையில் பாருங்கள். 'தி டிரெயின் ஜாப்', 'புஷ்வாக்டு', 'அவர் மிஸஸ் ரெனால்ட்ஸ்', பிறகு 'ஜேன்ஸ்டவுன்'. வாரம் ஒன்று, வெள்ளி இரவு மட்டும், விளம்பரத்துக்கு நடுநடுவே எழுந்து போய்விட்டு வர வேண்டும். தொடரைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் ஒரு வெள்ளியைச் சும்மா விட்டுவிடுங்கள், அன்று பேஸ்பால். அதற்கடுத்த வெள்ளியும் அவர் வந்து உட்கார்ந்தால் எனக்கு எழுதுங்கள்.