தரையைப் பாருங்கள்

வணக்கம் சார்,
மரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து சென்னைத் தெருக்களில் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறேன். வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. நகரத்தில் விசேஷமான மரம் என்றால் அடையாறு ஆலமரம் மட்டும்தானா?
ர., மேற்கு மாம்பலம்

அன்புள்ள ர.,

அண்ணாந்து பார்ப்பதுதான் சிக்கலே. கேபிள் ஒயருக்கும் பேனருக்கும் மேலே எல்லா மரமும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். தரையைப் பாருங்கள். அதுவும் விடிந்ததும், தெரு பெருக்க ஆள் வருவதற்குள், ஏனென்றால் ராத்திரி பூக்கிற மரங்கள் உதிர்த்ததெல்லாம் கொஞ்ச நேரத்தில் குப்பைவண்டியில் ஏறிவிடும்.

நீளக் காம்போடு வெள்ளைப் பூ சிதறி வாசமடித்தால் அது மரமல்லி. கருஞ்சிவப்பில், கிண்ணம் அளவுக்கு, முகம் சுளிக்க வைக்கிற வாடையோடு கிடந்தால் சிவகுண்டலம். ஆப்பிரிக்க மரம், வௌவாலை நம்பிப் பூப்பது. நீளக் காம்பில் தொங்கும் காய் ஒவ்வொன்றும் பல கிலோ இருக்கும், அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

நாகலிங்கத்தைக் கட்டாயம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். சிவன் கோயில்களில் பார்த்துப் பழகி நம்மூர் மரம் என்றே நினைத்துவிட்டோம், வந்தது தென்னமெரிக்காவிலிருந்து. அடிமரத்திலேயே பூக்கும். உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து பாம்புப் படம் மாதிரி கவிந்திருக்கும் பகுதியைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே மகரந்தம் இரண்டு இடத்தில் இருக்கும்: நடுவில் வளையமாக இருப்பது காய்ப்பதற்கு, அந்தப் பாம்புப் படத்தில் இருப்பது வண்டு, தேனீக்களுக்குத் தீனி. பூவில் தேன் கிடையாது, அதற்குப் பதில் இது! விழுந்து உடைந்த காயின் வெள்ளைச் சதை காற்றுப் பட்டதும் நீலம் பாரிக்கும். நாற்றத்தைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை.

அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலிலேயே சாய்ந்துவிட்டது, இப்போது நிற்பவை விழுதுகள். போனால் போகட்டும், அதே பிரம்மஞான சபை வளாகத்தில் பாவோபாப் என்கிற பெருக்க மரமும் இருக்கிறது, அதைப் பார்க்காமல் வராதீர்கள். சாயங்காலம் விரியும் அதன் பெரிய வெள்ளைப் பூ மறுநாளே பழுப்பாகிக் கீழே கிடக்கும். (இலங்கை போனால் மன்னார் பள்ளிமுனையில் ஒன்று உண்டு, சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். உயரம் என்னவோ சாதாரண மாடிவீடு அளவுதான்.)

அப்புறம், புதுத் தெருக்களில் அலையாதீர்கள். பழைய கல்லூரி, அரசு ஆஸ்பத்திரி, கல்லறைத் தோட்டம், ரயில்வே குடியிருப்பு, இங்கெல்லாம்தான் யாரோ ஆசைப்பட்டு வைத்தது வெட்டுப்படாமல் தப்பியிருக்கும். காவலாளியிடம் பூ பொறுக்க வந்தேன் என்று சொல்லுங்கள், மரம் பார்க்க வந்தேன் என்றால் சந்தேகப்படுகிறார்கள்.

பெயர் தெரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள். பூ, இலை, அடிமரத்துப் பட்டை, மூன்றுக்கும் தனித்தனிப் படம் வேண்டும். வானத்தைப் பார்த்து எடுத்த ஒரு படத்தை மட்டும் அனுப்பினால் என்னாலும் சொல்ல முடியாது.