நோட்டு காலி... பிள்ளை படிக்கிறானா?

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். போன வருடம் வரை படித்த பள்ளியில் தினமும் நான்கு பக்கம் ஹோம்வொர்க் வரும். கை வலிக்கிறது என்று அழுவான். அதனால் விளையாட்டும் ப்ராஜெக்டும் வழியாகச் சொல்லித்தரும் ஒரு பள்ளியில் இந்த வருடம் சேர்த்தோம். இப்போது சந்தோஷமாகப் போகிறான். ஆனால் நோட்டைத் திறந்தால் பாதி காலி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அவன் வயதுதான், பத்தாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறாள். "பணத்தைக் கட்டி விளையாடவா அனுப்புறீங்க?" என்று மாமியார் கேட்கிறார். போதாக்குறைக்கு, வீட்டில் செய்துவரச் சொல்லி அடிக்கடி ப்ராஜெக்ட் வேறு. தெர்மாகோல் வெட்டி, பெயின்ட் அடித்து, ராத்திரி பதினோரு மணி வரை நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். பழைய பள்ளிக்கே மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இப்போதைக்குப் பள்ளியை மாற்ற வேண்டாம். அழுதுகொண்டு போன பிள்ளை சந்தோஷமாகப் போகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏழு வயதில் அது சின்ன விஷயம் இல்லை. அதற்காக உங்கள் கவலையைத் தள்ளிவிடவும் மாட்டேன். விளையாட்டு வழி என்று போர்டு மாட்டிவிட்டு, உருப்படியாக எதுவும் சொல்லித்தராத இடங்களும் இருக்கத்தான் செய்கின்றன. உங்கள் மகன் படிக்கும் பள்ளி எப்படிப்பட்டது என்பதை நோட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. அவனிடம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தத் தெர்மாகோல் விவகாரம். நீங்கள் ராத்திரி கண் விழித்துச் செய்வது உங்கள் ப்ராஜெக்ட். உங்கள் மகனுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்டேஷனரி கடைகளில் எரிமலை, டிராஃபிக் சிக்னல், சூரியக் குடும்பம் என்று ரெடிமேடாகவே மாடல்கள் விற்கிறார்கள். அதை வாங்கிக் கொடுத்தாலும் அவனுக்கு இதே லாபம்தான். இந்த வயதில் ப்ராஜெக்ட் என்றால் பிள்ளைக்கே பதில் தெரிய வேண்டும் என்று தோன்றுகிற ஒரு கேள்வி வேண்டும். அதைத் தேட நாலைந்து நாள் வேண்டும். எப்படித் தேடுவது என்பதில் கொஞ்சமாவது அவன் முடிவு இருக்க வேண்டும். கடைசியில் வந்து நிற்பது கோணல்மாணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

திண்டுக்கல்லில் தண்ணீரின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதையே எடுத்துக்கொள்ளுங்களேன். 'நம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது?' சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு குடம் எடுக்கும்போதும் அவன் ஒரு கோடு போடட்டும். நாலு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டாக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளில் ஒவ்வொரு கோடாக எண்ணுவதை விட்டுவிட்டு, 'ஐந்து, பத்து, பதினைந்து' என்று கட்டுக் கட்டாக எண்ண ஆரம்பித்துவிடுவான். ஐந்தாம் வாய்ப்பாடு அங்கே வந்து உட்கார்ந்துவிடும். வார முடிவில், எந்த நாள் அதிகம், ஏன் என்று கேளுங்கள். துணி துவைத்த நாளா, விருந்தாளி வந்த நாளா? அவன் சொல்கிற காரணத்தை அவனையே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அப்புறம் திருத்திக்கொள்ளலாம். கோடு போட மறந்த குடங்களும் இருக்கும். அதை அவனே கண்டுபிடித்து, 'பாட்டி எடுத்ததை நான் எழுதலையே' என்று வந்து நின்றால், கணக்கெடுப்பில் பெரியவர்களுக்கே வரும் ஒரு சிக்கலை அவன் தொட்டுவிட்டான்.

அடுத்து விளையாட்டு. உங்கள் வீட்டுப் பரணிலோ உறவினர் வீட்டிலோ பல்லாங்குழி இருக்கும். இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் பதினான்கு வட்டம் போதும். ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மொத்தம் 70. முதல் குழியை அள்ளி அடுத்தடுத்த ஐந்து குழிகளில் போட்டு முடித்தால், ஏழாவது குழியை அள்ள வேண்டும். அதைப் போட்டு முடித்தால் பதின்மூன்றாவது. தொடக்கத்தில் பிள்ளை இதைக் கவனிக்காது, கை போன போக்கில் போடும். சில நாள் போனால் காயை அள்ளும் முன்பே எங்கே போய் முடியும் என்று விரலால் தொட்டுப் பார்க்கும். அந்த விரல் கூட்டல் கணக்கைப் போடுகிறது. குழியில் நாலு காய் சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வோம் இல்லையா? மூன்று இருக்கும் குழியைத் தேடிக் கண் ஓடும். எண்ணாமலே மூன்று, நாலு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிவது கணக்குக்கு நல்ல அடித்தளம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த விளையாட்டில் விதி இருக்கிறது, யோசிக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது, பக்கத்தில் 'இப்ப எங்க முடியும், சொல்லு பார்க்கலாம்' என்று கேட்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பள்ளியிலும் இப்படி ஒரு ஆசிரியர் கூடவே இருந்து கேட்டுக்கொண்டிருந்தால்தான் விளையாட்டு பாடமாகிறது. களிமண்ணைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தால் அது வெறும் ஓய்வு நேரம். ஓய்வும் பிள்ளைக்கு வேண்டியதுதான், ஆனால் அதற்குப் பாடம் என்று பெயர் வைக்கக் கூடாது.

உங்கள் மாமியாருக்கு ஒரு தகவல். இது நேற்று வந்த மோகம் இல்லை. ஃப்ரோபெல் ஜெர்மனியில் 1837-லேயே விளையாட்டை வைத்துச் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தொடங்கினார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அப்புறம் போர்க்காலத்தில், இன்றைக்கு உங்கள் மாவட்டத்தில் இருக்கும் கொடைக்கானலில் தங்கி, அங்கே கிடைத்த செடிகொடிகளையும் உயிரினங்களையும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நம் அரசுப் பள்ளிகளிலும் இது புதிதல்ல. ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது, 2007-ல் மாநிலம் முழுக்கப் போனது. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் கதை, பாட்டு, பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. கூடவே, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். விளையாட்டும் வேண்டும், கணக்கெடுப்பும் வேண்டும். தகவலைச் சொன்ன கையோடு பல்லாங்குழிக்கு அவரையே கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர் அளவுக்கு நம்மில் யாரும் நன்றாக ஆடப்போவதில்லை.

ஆனால் வாசிப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். விளையாடிக்கொண்டே தமிழ் எழுத்து தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. குறிகளைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டிய பாரம் பெருமளவு குறையும், உண்மைதான். ஆனால் அந்தக் குறிகளை யாராவது ஒருவர் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். 'கொ' எழுதும்போது கொம்பு முன்னால், கால் பின்னால் என்பதும், 'கெ'க்கும் 'கே'க்கும் உள்ள வித்தியாசமும் பழகப் பழகத்தான் வரும். தினமும் பத்து நிமிடம் போதும். மளிகைச் சீட்டை அவனை எழுதச் சொல்லுங்கள். உப்பு, பருப்பு என்று இரண்டு எழுதியதும் 'ப்பு' பிடிபட்டுவிடும். வாய்ப்பாடும் அப்படித்தான். புரிந்த பிறகு மனப்பாடம் செய்வதில் தப்பே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஆறு பேருக்கு ஆளுக்கு மூன்று பிஸ்கட் என்றால் மொத்தம் எத்தனை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். உடனே சொல்லிவிட்டால், அவளும் நன்றாகத்தான் படிக்கிறாள். இரண்டு பிள்ளைகளையும் ஒப்பிட்டு அவன் காதில் விழும்படி மட்டும் பேசாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். அவன் இதுவரை பார்க்காத ஒரு சின்னக் கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பழைய பாடப்புத்தகம் வேண்டாம், மனப்பாடமாக ஒப்பிப்பான். எந்த எழுத்தில் தடுக்குகிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, 'இந்த மாதம் இவனுக்கு எது வந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை?' என்று கேளுங்கள். 'கூட்டல் வருகிறது, கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறுகிறான், ர-ற குழம்புகிறது' என்ற மாதிரி பதில் வந்தால் நிம்மதியாக இருங்கள், அவர் உங்கள் பிள்ளையைக் கவனிக்கிறார். 'எல்லாம் நல்லா பண்றான்' என்று மட்டும் சொன்னால், விடாமல் உதாரணம் கேளுங்கள்.

தெர்மாகோல் பற்றியும் அவரிடமே சொல்லிவிடுங்கள். இனிமேல் அவன் தானாகச் செய்ததைத்தான் அனுப்புவோம், பார்க்க அழகாக இருக்காது என்று டைரியில் ஒரு வரி எழுதுங்கள். அதற்கு மார்க் குறைத்தால் குறைக்கட்டும், இரண்டாம் வகுப்பு மார்க்கைப் பிறகு யாரும் கேட்கப்போவதில்லை. அரையாண்டு வரை பொறுங்கள். அதற்குள் எளிய கதையை அவன் தானாக வாசிக்கவில்லை என்றால், ஆசிரியரிடமும் தெளிவான பதில் இல்லை என்றால், தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வேறு பள்ளி தேடும் பேச்சை அப்போது வைத்துக்கொள்ளலாம். அப்போதும் தினம் நான்கு பக்கம் எழுதவைக்கும் பழைய பள்ளிக்கு வேண்டாம்.