ஸ்பானிய மொழி கண்ணுக்குப் புரிகிறது, காதுக்குப் புரியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாக ஸ்பானிய மொழி படிக்கிறேன். ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பாதிச் சொற்கள் பழகியவைதான் என்றார்கள். செய்தித்தாள் ஓரளவு பிடிபடுகிறது. இருவர் பேசினால் ஒன்றும் விளங்குவதில்லை. எங்கே கோளாறு?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்களிடம் சொன்னவர்கள் எந்தப் பாதி என்று சொல்லவில்லை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. ஏட்டுக் கல்வி வழியே லத்தீன் வந்தது. இன்றைய ஆங்கில அகராதியில் பாதிக்கு மேல் அந்தச் சொற்கள்தான். ஸ்பானியமும் பிரெஞ்சும் லத்தீனின் பிள்ளைகள் என்பதால் உங்களுக்குப் பழகிய பாதி இதுதான். ஆனால் வா, போ, தின், தூங்கு, வீடு, தண்ணீர் எல்லாம் ஆங்கிலத்தில் ஜெர்மானிய வேரிலேயே நின்றுவிட்டன.

ஆகவே உங்களுக்கு உதவப்போவது விண்ணப்பத்திலும் தீர்ப்பிலும் வரும் கனத்த ஆங்கிலம். 'பில்டிங்' பயன்படாது, 'எடிஃபிஸ்' என்று யோசித்தால் 'எதிஃபிசியோ' கிடைக்கும். 'அண்டர்ஸ்டாண்ட்' வேண்டாம், 'காம்ப்ரிஹெண்ட்' என்று போனால் 'கொம்ப்ரெந்தேர்'. 'ஆன்சர்' வராவிட்டால் 'ரெஸ்பாண்ட்', அங்கிருந்து 'ரெஸ்போந்தேர்'. ஆங்கிலத்தில் மிடுக்காக ஒலிப்பவை அங்கே வீட்டுப் பேச்சு.

விகுதிகளும் ஒழுங்காக மாறுகின்றன. '-ஷன்' என்பது '-சியோன்', 'யூனிவர்சிட்டி'யின் '-ட்டி' என்பது '-தாத்'. இரண்டு விகுதிகளும் பெண்பால். (அதற்காக 'அ'வில் முடிவதெல்லாம் பெண்பால் என்று நம்பிவிடாதீர்கள், 'ப்ரொப்லேமா' ஆண்பால். ஆண்பால் பெயருக்கு முன்னால் 'எல்', பெண்பால் பெயருக்கு முன்னால் 'லா' வரும்; சொல்லை அதோடு சேர்த்தே மனனம் செய்யுங்கள்.) 'ஸ்'ஸும் மெய்யும் சேர்ந்து தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'எ' வரும்: எஸ்பெசியால், எஸ்துதியாந்தே. 'இஸ்கூல்' என்ற நம் நாக்குக்கு இது புதிதல்ல.

காது ஏமாறுவது அழுத்தத்தில். ஆங்கிலத்தில் 'ஹாஸ்பிடல்' முதல் அசையில் அழுந்தும். ஸ்பானியத்தில் 'ஹ' ஒலிக்காது, அழுத்தம் கடைசி அசைக்குப் போய் 'ஒஸ்பிதால்' ஆகும். '-சியோன்', '-தாத்' இரண்டுக்கும் கடைசி அசைதான். காகிதத்தில் உடனே தெரிகிற சொல் காதில் அந்நியமாக விழுவது இதனால். ஒலிப்பதிவோடு வரும் செய்தியாக எடுத்துக்கொண்டு, ஒரு பத்தியில் அழுந்தும் அசைகளைக் கோடிட்ட பிறகு கேளுங்கள்.

ஆங்கிலச் சொல் போலவே தோன்றி வேறு பொருள் தரும் போலி நண்பர்களும் உண்டு. 'எம்பராசாதா' என்றால் கர்ப்பிணி, வெட்கப்பட்டவள் அல்ல. 'எக்ஸிதோ' வெற்றி, வெளியேறும் வழிக்கு 'சலிதா'. 'ஆக்துவால்மென்தே' என்றால் 'தற்போது', ஆங்கில 'ஆக்சுவலி' அல்ல. பொருள் ஒட்டாத வாக்கியத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, தெரிந்த முகமாக இருக்கும் சொல்லை.

மிச்சம் இருப்பது மனப்பாடம். பேச்சில் அடிக்கடி வரும் சில நூறு சொற்களில் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் துணை கிடையாது. 'ஃபுய்' என்ற ஒரே சொல் 'இருந்தேன்', 'போனேன்' இரண்டையும் குறிக்கும். வினைகளில் 'செர்', 'எஸ்தார்' (இரண்டும் 'இரு'), 'இர்' ('போ') மூன்றிலிருந்து தொடங்குங்கள்.