ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் குறைந்த செலவில் நாலடி மீன் தொட்டி வைக்க முடியுமா? கடல் மீனே விடலாமா?

முடியும். உச்சிப்புளியிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் ஒரு ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில் நாலடித் தொட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். கையைக் கடிக்காமல் பெரிய தொட்டி வைக்கலாமா, கடல் பக்கத்திலேயே இருப்பதால் கடல் மீனும் பவளக் கல்லும் எடுத்துவந்து போடலாமா, கண்ணாடி துடைக்கிற சக்கர் மீன் ஒன்று விட்டால் போதுமா. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

பவளக் கல்லில் கை வைக்காதீர்கள். உயிரோடு இருப்பதும் கூடாது, கரையில் ஒதுங்கிய செத்த கல்லும் கூடாது. பவளம், கடற்குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. எங்கள் பக்கம் கடற்குதிரையைப் பாட்டிலில் போட்டு யாராவது காட்டினால் வெளியூர்க்காரர்கள் ஆசையாக விலை கேட்கிறார்கள். வாங்குகிறவருக்கும் வழக்கு உண்டு என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. சட்டத்தை விடுங்கள், 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அந்தப் பவளம் வெளுத்துப் போனதைக் கேள்விப்பட்டிருந்தால் அதில் ஒரு துண்டை உடைக்க மனசு வருமா?

கடல் மீன் வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடல் மீன் வளர்ப்பவர்கள் கோபிக்க வேண்டாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. (1971 வரை அதன் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே இது தெரியாது.) நிமோ மீன் என்று குழந்தைகள் சொல்கிற கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுக்கும் முறையை அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். அப்படிப் பொரிப்பகத்தில் பிறந்த மீனை வாங்குங்கள். ஆனால் அதற்கு உப்பளவு பார்க்கும் கருவி, கழிவு நுரையை எடுக்கும் ஸ்கிம்மர், நல்ல விளக்கு எல்லாம் வேண்டும். கடல் தண்ணீர் சும்மா கிடைக்கிறது என்பதால் கடல் தொட்டி மலிவாகிவிடாது. நீங்கள் கேட்டிருப்பது குறைந்த செலவு. அதனால் அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் பக்கத்தில் மீன் விலை பெரிய செலவு இல்லை, நல்ல தண்ணீர்தான் செலவு. ஆகவே மீனை முடிவு செய்துவிட்டுத் தண்ணீருக்கு அலையாதீர்கள். வீட்டில் என்ன தண்ணீர் வருகிறதோ அதற்கு ஏற்ற மீனைத் தேடுங்கள்.

நான் தொட்டி விசாரிக்கப் போனபோது கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஆர்.ஓ. தண்ணி போடுவீங்களா, கேன் தண்ணி போடுவீங்களா?" எங்கள் போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 3000-க்கு மேல் காட்டும். வாயில் வைக்க முடியாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் ஒரு மீனும் நிற்காது என்று அவர் சத்தியமே பண்ணினார். அவர் சொன்னது நியான் டெட்ராவுக்கும் டிஸ்கஸுக்கும் சரி, அவை உப்பு குறைந்த, மென்மையான ஆற்றுத் தண்ணீர் மீன்கள். ஆனால் கடல் தண்ணீரில் 35,000 இருக்கும், எங்கள் தண்ணீரில் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆறும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தில் இதைவிட உப்பில் எத்தனையோ மீன் வாழ்கிறது. மோலி என்ற சாதாரண மீன் கடல் தண்ணீரில் கூடப் பழகிவிடும். கப்பியும் உப்பைத் தாங்கும். அதை வைத்துத்தான் நான் துணிந்தேன். இன்று எங்கள் தொட்டியில் மோலி பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

இனி தொட்டிக்கு வருகிறேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் விளிம்பு வரைக்கும் 255 லிட்டர் பிடிக்கும். ரெடிமேட் தொட்டி விலையைக் கேட்டுவிட்டு மலைத்துப் போகாதீர்கள். கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கி ஒட்டுவதுதான் மலிவு. ஐந்து பக்கமும் சேர்த்து 22.5 சதுர அடி வரும், மேல் விளிம்பில் உள்பக்கமாக ஒட்டும் பட்டைக்குக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். சதுர அடி என்ன விலை என்று கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். 10 மி.மீ. கண்ணாடி போடுங்கள். 8 போதும் என்பார்கள், மேலே பட்டையும் நடுவில் குறுக்குப் பட்டையும் ஒழுங்காகப் போட்டால் போதும்தான், ஆனால் வீட்டில் ஓடுகிற பிள்ளை இருந்தால் இந்த ஒரு இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சிலிக்கான் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். குளியலறைக்குப் பூசுவது மீனைக் கொன்றுவிடும். எங்கள் தொட்டியை ஒட்டியது என் தம்பி. அவன் அலுமினியக் கதவு வேலை பார்க்கிறவன். ஒட்டியபின் வினிகர் வாடை அடங்கும்வரை ஒரு வாரம் தொடவே விடவில்லை. அப்புறம் திண்ணையில் வைத்துத் தண்ணீர் நிரப்பி, சில நாள் கசிவு பார்த்து, அதன்பிறகே உள்ளே கொண்டுவந்தான்.

ஸ்டாண்டுக்கு எல்லோரும் வெல்டிங் பட்டறைக்குத்தான் போகச் சொல்வார்கள். மதுரைக்காரர்களுக்கு அது சரி. இங்கே உப்புக் காற்று. வீட்டு ஜன்னல் கம்பி என்ன கதியில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர், கண்ணாடி, ஜல்லி எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும், துரு ஏறிய காலை நம்பி அதை நிறுத்த முடியாது. நாங்கள் ஹாலோ பிளாக்கை அடுக்கி, மேலே கடப்பாக் கல் பலகை போட்டு, அதன் மேல் தெர்மாகோல் விரித்துத் தொட்டியை வைத்தோம். வீடு கட்டி மிச்சம் கிடந்த பிளாக் என்பதால் செலவு கல் பலகைக்கு மட்டும்தான். சுவரோரமாக வையுங்கள், வெயில் நேராக விழாத இடமாகப் பாருங்கள்.

அடியில் போட கடற்கரை மணல் அள்ளாதீர்கள். அது இறுகிப்போய் அடியில் அழுகும், கரையும் நம் ஊர்க் கரைதான். கட்டட வேலைக்கு வாங்கும் சின்னச் சிப்ஸ் ஜல்லியைக் கழுவி, கழுவுகிற தண்ணீர் தெளியும்வரை மறுபடி கழுவிப் போட்டால் போதும். ஃபில்டரும் வாங்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஸ்பான்ஜும் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரும் அடைத்து, சின்ன மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றி அதன் வழியாக விழவிட்டால் அதுதான் ஃபில்டர். 18 வாட் மோட்டார் ராப்பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 26 யூனிட்தான்.

தண்ணீர் நிரப்பிய அன்றே மீன் விடாதீர்கள். எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்ல மாட்டார், சொன்னால் மறுவாரம் செத்த மீனுக்குப் பதில் வாங்க நீங்கள் வரமாட்டீர்களே. மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அதைத் தின்று நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த நாரிலும் ஸ்பான்ஜிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நம் தண்ணீருக்குப் பி.எச்., அதாவது காரத்தன்மை, அதிகம், அந்தத் தண்ணீரில், அதுவும் வெக்கையில், அமோனியா இன்னும் கடுமையான விஷம். மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் பிழைத்துக்கொள்ளும் மீன் இங்கே பிழைக்காது. அதனால் மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு மோட்டாரை ஓடவிடுங்கள். பழைய தொட்டி வைத்திருப்பவர் யாராவது அழுக்கு ஸ்பான்ஜ் ஒரு துண்டு கொடுத்தால் பொன்னாக நினைத்து வாங்கி உங்கள் ஃபில்டரில் செருகுங்கள், காத்திருக்கும் நாள் குறையும்.

எங்கள் வீட்டில் அந்த வெறும் தொட்டி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் சின்ன மாமியார் வந்தார். வாசலிலேயே நின்று, "ஏத்தா, குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல மீனுக்கு இம்புட்டுத் தண்ணியா?" என்றார். பெரியவர் என்பதால் நான் பதில் பேசவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை அதன்பிறகு பலர் கேட்டுவிட்டார்கள், இங்கேயும் யாராவது கேட்பார்கள், அதனால் எழுதிவிடுகிறேன். தொட்டியில் இருப்பது யாரும் குடிக்காத போர் தண்ணீர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிற அறுபது லிட்டரும் தென்னைக்குப் போகிறது, தென்னை உப்பைத் தாங்கும். ஒரு சொட்டும் வீணில்லை.

குடிதண்ணீரைப் பற்றிக் கேட்பதென்றால் கேட்க வேண்டியது வேறு. எங்கள் அம்மா குடம் அடுக்கிய தள்ளுவண்டியை உருட்டிப் போய்த் தண்ணீர் பிடித்தார், நானும் பிடித்தேன், இன்று என் மகளும் விடுமுறை நாளில் அதே வண்டியைத் தள்ளுகிறாள். காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் வண்டி மறையவில்லை. குழாய் வராத நாளில் டிராக்டர் தண்ணீரைக் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாத்தா வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியது. பக்கத்தில் இறால் பண்ணை வந்து சில வருடத்தில் அதுவும் கரித்துவிட்டது. அந்தப் பண்ணைக்காரரை வாசலில் நின்று யாரும் கேட்கவில்லை. ஒரு பொம்பளை வீட்டில் மீன் வளர்த்தால் மட்டும் ஊரே கணக்குக் கேட்கிறது.

சரி, மீனுக்கு வருகிறேன். கடையில் இருக்கும் மோலி நல்ல தண்ணீரில் வளர்ந்ததாக இருக்கும். அதை அப்படியே கொட்டாமல், கவரிலுள்ள தண்ணீரோடு வாளியில் விட்டு, உங்கள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் கலக்கவிட்டுப் பிறகு விடுங்கள். ஆண் இரண்டு, பெண் ஐந்தாறு போதும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும், மீனுக்கு மறுபடி காசு செலவழிக்க வேண்டியதே இல்லை. தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று முதல் மாதமே நிறைக்காதீர்கள்.

அடுத்து நான் விட்டது ஆரஞ்சு குரோமைட். நம் தென்னிந்திய, இலங்கைக் காயல்களின் சொந்த மீன், உள்ளங்கைக்குள் அடங்கும், உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடம்தான் அதற்கு வீடு. வெளிநாட்டில் இதைத் தேடி வாங்குகிறார்கள், நம் கடைகளில் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. ஒரு உடைந்த நாட்டு ஓட்டைச் சாய்த்து வைத்தேன். ஒரு ஜோடி அதன் அடியில் முட்டை ஒட்டியது. ஆணும் பெண்ணும் முறை வைத்து முட்டை பக்கத்தில் நின்று பக்கத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், மோலி கிட்டே வந்தால் பாய்ந்து துரத்தும். பொரிந்து நீந்த ஆரம்பித்ததும் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஒட்டி ஒட்டி எதையோ கொத்தின. உடம்பில் ஊறும் வழுவழுப்பைத்தான் தின்கின்றன. பெரிய மீன் அசையாமல் நின்று கொடுக்கும். என் மகன் பள்ளிக்கூட வேனை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒன்று மறக்க வேண்டாம். நம் காற்றுக்கும் வெயிலுக்கும் தொட்டித் தண்ணீர் வேகமாக வற்றும். தண்ணீர்தான் போகிறது, உப்பு அங்கேயேதான் நிற்கிறது. வற்றியதை ஈடுகட்டப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதற்கு மட்டும் மழைத் தண்ணீர் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மொட்டைமாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி வைக்கிறோம், தீர்ந்துபோனால் குழாய்த் தண்ணீர் கொஞ்சம், குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து. போர் தண்ணீரையும் பிடித்த உடனே ஊற்றாமல் ஒரு நாள் ஏர் பம்பு ஓடவிட்டு ஊற்றுங்கள், நிலத்தடித் தண்ணீரில் காற்று குறைவு. சித்திரை வைகாசியில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும், அப்போது தீனியைக் குறைத்து, ஒரு சின்ன மின்விசிறியை மேல்பரப்பில் படும்படி வையுங்கள். கரண்ட் போகும் ராத்திரிக்குப் பவர் பேங்கில் ஓடும் ஏர் பம்பு ஒன்று கட்டாயம். புயல் மழையில் விடியவிடியக் கரண்ட் இல்லாதபோது எங்கள் மீன்களைக் காப்பாற்றியது அதுதான்.

சக்கர் மீன் வேண்டாம். கடையில் விரல் நீளம் இருக்கும், வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல். கண்ணாடிப் பாசியை மோலியே மேயும், மிச்சத்தை ஸ்பான்ஜால் துடைக்க ஐந்து நிமிடம் ஆகாது. வளர்ந்த சக்கரை வைத்துக்கொள்ள முடியாமல் கண்மாயிலும் ஊரணியிலும் கொண்டுபோய் விடுகிறார்கள். அது பெருகி, முள் துடுப்பால் வலையைக் கிழிக்கிறது, நாட்டு மீனுக்கு இரையும் இல்லாமல் செய்கிறது. மோலிக் குட்டி பெருகினாலும் இதே பேச்சுதான், கண்மாய் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கடைக்காரரிடம் கொடுத்தால் தீனிக்கு மாற்றிக்கொள்வார். எங்கள் பக்கத்துக் கடையில் அப்படித்தான் கொடுக்கிறேன்.